ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு காலத்தில் தோப்பாக நின்ற மரம்: ஜாதிக்காயின் கதை

ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

"ஆர்ச்சர்ட்" என்றால் பழத்தோட்டம். கடைத்தொகுதிகளும் பெருவிரைவு ரயில் நிலையங்களும் நிற்கும் அந்த இடத்தில் சுமார் 180 ஆண்டுகளுக்கு முன் உண்மையிலேயே தோட்டங்கள் இருந்தன. அங்கு அதிகம் நடப்பட்டது மாம்பழமும் இல்லை, டுரியானும் இல்லை.

ஜாதிக்காய்.

ஆமாம், அம்மா பிரியாணி மசாலாவுக்குக் கொஞ்சமாகச் சீவிப் போடுவாங்களே, அதே ஜாதிக்காய்தான். பழுப்பு நிறத்தில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்தச் சின்னக் கொட்டைக்காகக் கடற்படைகள் புறப்பட்டன, ஒரு தீவின் மக்கள் ஏறக்குறைய முழுவதுமாக அழிக்கப்பட்டார்கள். சிங்கப்பூரில் பலர் அதை நம்பிப் பணம் போட்டு, ஒரு தலைமுறைக்குள் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அந்த மரத்தின் கதையை, வேரிலிருந்தே பார்ப்போம்.

எப்படிப்பட்ட மரம் இது?

ஜாதிக்காய் மரம் எப்போதும் பசுமையாக இருக்கும் வெப்பமண்டல மரம். இலைகள் மொத்தமாக உதிர்ந்து மொட்டையாக நிற்கும் காலம் என்று அதற்கு எதுவும் இல்லை. பெரும்பாலும் 5 முதல் 13 மீட்டர் உயரம்வரை வளரும். சில மரங்கள் 20 மீட்டரைத் தொடுவதும் உண்டு.

இலைகள் கரும்பச்சை நிறத்தில் பளபளப்பாக இருக்கும். ஒன்றைக் கிள்ளிக் கசக்கினாலே மணம் வரும். பூக்கள் சின்ன மணிகளைப் போல வெளிர்மஞ்சள் நிறத்தில் தொங்கும். அவற்றைத் தேடி வருபவை பெரும்பாலும் சிறு வண்டுகள்.

தாவரவியலில் அதன் பெயர் மிரிஸ்டிகா ஃபிராக்ரன்ஸ். இரண்டு சொற்களுமே மணத்தைக் குறிப்பவைதான்.

பெயரில் வரும் குழப்பங்கள்

முதலில் "ஜாதி" என்ற சொல். மனிதர்களைப் பிரிக்கும் சாதிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இல்லை. சமஸ்கிருதத்தில் "ஜாதி" என்பது ஒருவகை மல்லிகைக்கும் இந்த மரத்துக்கும் வழங்கிய பெயர். நாம் தலையில் வைக்கும் ஜாதிமல்லியின் பெயரிலும் அதே சொல்தான். தமிழில் சிலர் "சாதிக்காய்" என்றும் எழுதுவார்கள்.

அடுத்தது மலாய்ப் பெயர். மலாய் மொழியில் இதை "புவா பாலா" என்பார்கள். காதில் விழுந்ததும் "ஓ, பலாப்பழமா?" என்று கேட்டுவிடாதீர்கள்! நம் பலாப்பழம் மலாயில் "நங்கா". "பாலா" என்றால் ஜாதிக்காய். சந்தையில் இந்தக் குழப்பம் வந்தால், வாங்க வந்தது ஒன்று, வீட்டுக்குப் போவது இன்னொன்று என்று ஆகிவிடும்.

ஒரே பழத்தில் இத்தனையா?

ஜாதிக்காயின் பழம் பார்ப்பதற்கு ஒரு சிறிய மஞ்சள் பீச் பழத்தைப் போல இருக்கும். முற்றியதும் நடுவே தானாகவே இரண்டாகப் பிளக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து உள்நோக்கிப் பார்ப்போம்.

முதல் அடுக்கு, சதை. தடிப்பாகவும் புளிப்பும் துவர்ப்புமாகவும் இருக்கும். அப்படியே கடித்துச் சாப்பிட முடியாது. ஊறுகாய், சர்க்கரையில் ஊறிய மிட்டாய், சாறு என்று மாற்றினால் பிரமாதம்.

இரண்டாவது அடுக்கு, ஜாதிபத்திரி. கொட்டையைச் சுற்றி வலைபோலப் பின்னியிருக்கும் இரத்தச் சிவப்பு உறை இது. காய்ந்ததும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மாறிவிடும். மசாலா டப்பாவில் பூவிதழ் போல ஒன்று கிடக்குமே, அது பூவே இல்லை, இந்த உறைதான்.

மூன்றாவது அடுக்கு, ஓடு. கரும்பழுப்பு நிறத்தில் கடினமாக இருக்கும்.

நான்காவது, ஓட்டை உடைத்தால் கிடைக்கும் பருப்பு. நாம் ஜாதிக்காய் என்று கடையில் வாங்குவது இதைத்தான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகளைப் போலப் பழுப்பு வரிகள் தெரியும். மணம் தரும் எண்ணெய் அந்த வரிகளில்தான் அதிகம்.

ஆக, ஒரே மரத்திலிருந்து இரண்டு வெவ்வேறு நறுமணப் பொருள்கள். ஜாதிக்காயின் மணம் கொஞ்சம் இனிப்பாகவும் அழுத்தமாகவும் இருக்கும். ஜாதிபத்திரியின் மணம் அதைவிட மென்மையானது. ஒரு பழத்தில் கிடைக்கும் பத்திரியின் எடை கொட்டையின் எடையைவிட மிகக் குறைவு. அதனால் பெரும்பாலும் பத்திரிக்குத்தான் விலை அதிகம்.

உலகத்தில் ஒரே இடத்தில் மட்டும்

இன்று பல நாடுகளில் ஜாதிக்காய் விளைகிறது. ஆனால் அதன் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மலுக்கு வட்டாரத்தில் உள்ள பண்டா தீவுகள். எரிமலைச் சாம்பல் மண் கொண்ட, வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்குச் சின்னஞ்சிறு தீவுக் கூட்டம் அது.

பல நூற்றாண்டுகளாக உலகின் ஜாதிக்காய் வணிகம் முழுவதும் அங்கிருந்துதான் நடந்தது. மலாய், ஜாவா, சீன, அரபு வணிகர்களின் கைமாறி, கடல்வழியாக இந்தியாவுக்கும் அதைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் போனது. தமிழர்களுக்கும் அது புதிதில்லை. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் ஐந்து வாசப் பொருள்களைப் பழைய தமிழ் நூல்களின் உரைகள் பட்டியலிடுகின்றன. இலவங்கம், கற்பூரம் ஆகியவற்றோடு ஜாதிக்காயும் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் அப்போது விளையாத ஒரு பொருள் தமிழர்களின் வெற்றிலைத் தட்டில் இருந்தது என்றால், அது கப்பலில்தான் வந்திருக்க வேண்டும்.

1512இல் போர்ச்சுகீசியர்கள் பண்டாவை அடைந்தார்கள். அவர்களுக்குப் பின் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வந்தார்கள். ஐரோப்பாவில் ஜாதிக்காய்க்குக் கிடைத்த விலை அப்படி. சமையலுக்கு மட்டுமல்ல, கொள்ளைநோய்க்கு மருந்து என்றும் அங்கே பலர் நம்பினார்கள்.

1621: பண்டா மக்களுக்கு நேர்ந்தது

டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது: "எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும்." பண்டா மக்கள் அதை ஏற்கவில்லை. யார் நல்ல விலை கொடுக்கிறார்களோ அவர்களுக்கு விற்பதுதான் அவர்களது பழக்கம். அரிசியும் துணியும் கொண்டுவரும் அண்டைத் தீவு வணிகர்களை நம்பித்தான் அவர்கள் வாழ்ந்தார்கள்.

1621இல் யான் பீட்டர்சூன் கூன் என்ற டச்சுத் தலைமை ஆளுநர் பெரும் படையுடன் பண்டாவுக்குள் நுழைந்தார். ஊர்த் தலைவர்கள் 44 பேர் கொல்லப்பட்டார்கள். தீவுகளில் சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியால் இறந்தார்கள், அடிமைகளாக நாடு கடத்தப்பட்டார்கள், அல்லது பக்கத்துத் தீவுகளுக்குத் தப்பி ஓடினார்கள். மிஞ்சியது ஏறக்குறைய ஆயிரம் பேர்தான்.

பிறகு தீவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, டச்சுத் தோட்டக்காரர்களிடம் கொடுத்தார்கள். வேலை செய்ய வெளியூர்களிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். மரத்தை எப்படி வளர்ப்பது என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? உயிர் தப்பிய பண்டா மக்கள்தான்.

கூனின் சிலை நெதர்லாந்தில் அவர் பிறந்த ஹூர்ன் நகரில் இன்றும் நிற்கிறது. அது அங்கே இருக்க வேண்டுமா என்ற விவாதமும் நடந்துகொண்டே இருக்கிறது.

ஒரு தீவுக்கு மன்ஹாட்டனா?

பண்டாவில் ரன் என்று ஒரு தீவு. நீளம் சுமார் 3 கிலோமீட்டர். அதை ஆங்கிலேயர்கள் உரிமை கோரினார்கள். டச்சுக்காரர்கள் விடவில்லை. இடையில், 1664இல் ஆங்கிலேயர்கள் அமெரிக்காவில் டச்சுக்காரர்களிடம் இருந்த நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஊர் இருந்தது மன்ஹாட்டன் தீவில்.

1667இல் பிரெடா உடன்படிக்கை கையெழுத்தானது. அவரவர் பிடித்தது அவரவருக்கு என்று முடிவானது. ரன் டச்சுக்காரர்களுக்கு, மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களுக்கு.

இன்று கேட்டால் "என்ன பைத்தியக்காரத்தனம்!" என்று தோன்றும். அன்று டச்சுக்காரர்களுக்கு அது நல்ல பேரம். உலகத்தின் ஜாதிக்காய் முழுவதும் அவர்கள் கையில்!

ஆனால் ஒரு மரத்தை எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும்? கொட்டைகள் முளைக்கக் கூடாது என்று அவற்றைச் சுண்ணாம்பில் தோய்த்தே வெளியே அனுப்பினார்கள். அப்படியும் 1770 வாக்கில் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கன்றுகளை மொரிஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார். 1796இல் ஆங்கிலேயர்கள் பண்டாவைக் கைப்பற்றினார்கள். அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கன்றுகள் பினாங்கு, பென்கூலன் போன்ற இடங்களுக்குப் பயணமாயின.

சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள்

1819இல் சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்த ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ், சீக்கிரமே பென்கூலனிலிருந்து ஜாதிக்காய் விதைகளையும் கன்றுகளையும் இங்கு அனுப்பினார். 1822இல் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் ஒரு சோதனைத் தோட்டமும் அமைந்தது. பணம் ஒதுக்கப்படாததால் 1829இல் அது மூடப்பட்டது.

தோட்டம் மூடியது, ஆசை மூடவில்லை. 1830களிலும் 1840களிலும் ஜாதிக்காய் மோகம் சிங்கப்பூரைப் பிடித்துக்கொண்டது. அரசாங்க மருத்துவர்கள், வணிகர்கள், துறைமுக அதிகாரி என்று வசதி உள்ளவர்கள் எல்லாரும் குன்றுகளை வாங்கிக் காட்டை வெட்டி, கன்று நட்டார்கள்.

அவர்களில் சிலரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், சாலைப் பெயர்களாக.

ஆக்ஸ்லி ரோடு, ஆக்ஸ்லி ரைஸ்: டாக்டர் தாமஸ் ஆக்ஸ்லியின் பெயரால். அவர் அரசாங்க அறுவை மருத்துவர். பெரிய ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். 1848இல் அதன் சாகுபடி பற்றி விரிவான கட்டுரையும் எழுதினார்.

கேர்ன்ஹில்: சார்ல்ஸ் கார்னி என்பவரின் பெயரிலிருந்து வந்தது. 1840இல் அந்தக் குன்றில் அவர் வீடு கட்டினார். சுற்றிலும் ஜாதிக்காய் மரங்கள்.

ஸ்காட்ஸ் ரோடு: கேப்டன் வில்லியம் ஸ்காட்டின் பெயரால். அவர் துறைமுக அதிகாரி. அவருக்கும் அந்தப் பக்கத்தில் தோட்டம் இருந்தது.

இது போதாதென்று, அதே வட்டாரத்தில் "நட்மெக் ரோடு" என்றே ஒரு சாலை உண்டு. அடுத்த முறை மவுண்ட் எலிசபெத் பக்கம் போகும்போது பெயர்ப்பலகையைத் தேடிப் பாருங்கள்.

பிறகு என்ன ஆனது?

1850களில் மரங்களுக்கு நோய் வந்தது. கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. காய்கள் முற்றுவதற்கு முன்பே உதிர்ந்தன. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு, ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு அது பரவியது. 1860களில் ஜாதிக்காய்த் தோட்டம் என்று சொல்லிக்கொள்ள சிங்கப்பூரில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

பட்டையைத் துளைக்கும் சிறு வண்டுகளைப் பின்னாளில் எழுதியவர்கள் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் வண்டு மட்டுமே காரணமா?

அந்த ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் பயணம் செய்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பண்டாவுக்கும் போனார். அங்கே அவர் கவனித்த விஷயம் முக்கியமானது. பண்டாவில் ஜாதிக்காய் மரங்கள் உயரமான கெனாரி மரங்களின் நிழலில், எரிமலை மண்ணில், ஈரப்பதத்தில் இயல்பாக வளர்ந்தன. உரமே தேவைப்படவில்லை. சிங்கப்பூர், பினாங்குத் தோட்டங்களை நாசமாக்கிய நோய் அங்கே இல்லை என்று அவர் எழுதினார்.

சிங்கப்பூரிலோ கதை வேறு. இங்குள்ள குன்றுகளின் மண் அவ்வளவு வளமானதல்ல. ஓயாமல் மாட்டு எரு போட்டால்தான் மரம் தாங்கும். நெருக்கமாக ஒரே வகை மரத்தை நட்டதால், ஒன்றைப் பிடித்த நோய் எல்லாவற்றையும் பிடித்தது. பலர் கையில் இருந்த பணத்தை மட்டுமல்ல, கடன் வாங்கிய பணத்தையும் அதில் கொட்டியிருந்தார்கள். உலகச் சந்தையில் விலையும் சரிந்தது. மரத்தோடு சேர்ந்து குடும்பங்களும் சாய்ந்தன.

தோட்டம் இருந்த நிலங்கள் துண்டுகளாக விற்கப்பட்டன. பங்களாக்கள் வந்தன. பிறகு கடைகள். பிறகு நாம் இன்று பார்க்கும் ஆர்ச்சர்ட் ரோடு.

பினாங்கு மட்டும் விடவில்லை

பினாங்குத் தோட்டங்களும் அதே நோயில் வீழ்ந்தன. ஆனால் அங்கே கதை அதோடு முடியவில்லை. பெரிய தோட்டக்காரர்கள் கைவிட்ட பிறகு, சிறு விவசாயிகள், குறிப்பாகச் சீன விவசாயிகள், மற்றப் பழமரங்களோடு கலந்து ஜாதிக்காயையும் வளர்த்தார்கள். அதனால்தான் பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில் டுரியான், கிராம்பு மரங்களுக்கு நடுவே இன்றும் அதைப் பார்க்க முடிகிறது.

பினாங்குக்குப் போனவர்கள் ஜாதிக்காய்ச் சாற்றைக் குடித்துப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஐஸ் போட்டுக் குடித்தால், அந்தப் புளிப்பும் மணமும் தொண்டையில் கொஞ்ச நேரம் நிற்கும். ஊறுகாய், உலர் பழம், தைலம் என்று அங்கே கொட்டையைவிடப் பழத்துக்கும் எண்ணெய்க்கும்தான் பெயர் அதிகம். உலகின் பல இடங்களில் குப்பையாகக் கொட்டப்படும் சதையை, பினாங்குக்காரர்கள் ஊரின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்கள்.

சாகுபடி: ஏழு ஆண்டு சஸ்பென்ஸ்

ஜாதிக்காய் வளர்ப்பதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு.

ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம்தான் காய்க்கும். விதை போட்டு வளர்த்தால், கன்று ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 5 முதல் 8 ஆண்டுகள் ஆகும். அதன்பின் பார்த்தால், ஏறக்குறைய பாதி ஆண் மரங்கள்!

ஏழு வருஷம் தண்ணீர் ஊத்தி, எரு போட்டு வளர்த்த மரத்தை வெட்டுறதுன்னா மனசு எப்படி இருக்கும்? ஆனாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். சுமார் 10 பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் இருந்தால் மகரந்தத்துக்குப் போதும்.

இன்றைய தீர்வு, ஒட்டுக்கன்று. நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் தளிரை எடுத்து, இளம் நாற்றின் மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். அப்போது பெண் மரம்தான் என்பது நடும்போதே உறுதி. காய்ப்பும் சீக்கிரம் வரும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் "விஸ்வஸ்ரீ", "கேரளஸ்ரீ" போன்ற ரகங்களை இப்படித்தான் விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

மரத்துக்கு வேறு என்ன வேண்டும்?

வெப்பமும் ஈரமும்: ஆண்டு முழுவதும் பரவலாக மழை வேண்டும். 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால் நல்லது.

வடியும் மண்: ஈரம் வேண்டும், ஆனால் வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

நிழல்: இளம் கன்றுகளுக்கு நிழல் கட்டாயம். அதனால்தான் கேரளத்திலும் பொள்ளாச்சி வட்டாரத்திலும் தென்னை, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஊடுபயிராக நடுகிறார்கள். நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப்பண்ணைகளிலும் ஜாதிக்காய் மரங்களைப் பார்க்கலாம்.

காற்றுத் தடுப்பு: வேர்கள் ஆழமாகப் போவதில்லை. பலத்த காற்று அடித்தால் மரம் சாய்ந்துவிடும்.

பொறுமை: முழு அளவில் காய்க்க 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பலன் தரும். தாத்தா நட்டால் பேரன் பறிப்பான்.

விதையிலும் ஒரு நுட்பம் உண்டு. நெல்லையும் பயற்றையும் போல ஜாதிக்காய் விதையைக் காயவைத்துச் சேமித்து அடுத்த ஆண்டு விதைக்க முடியாது. உலர்ந்தால் உயிர் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த சில நாள்களுக்குள் ஓட்டோடு ஈர மண்ணில் ஊன்ற வேண்டும். முளைக்க ஒன்றிலிருந்து மூன்று மாதம்வரை ஆகலாம். ஆகவே, மளிகைக் கடையில் வாங்கிய ஜாதிக்காயை வீவக வீட்டுத் தாழ்வாரத் தொட்டியில் புதைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் முளைக்காது!

காட்டில் இந்த வேலையைச் செய்வது பெரிய புறாக்கள். பிளந்த பழத்தில் தெரியும் சிவப்பு உறை அவற்றின் கண்ணை இழுக்கும். கொட்டையோடு விழுங்கி, உறையைச் செரித்துவிட்டு, கொட்டையை வேறோர் இடத்தில் போட்டுவிடும். கடற்படை வைத்துக் காத்த மரத்தைப் புறாக்கள் எந்த அனுமதியும் கேட்காமல் தீவு விட்டுத் தீவு கொண்டுபோயின.

பறிப்பதும் காய வைப்பதும்

பூத்ததிலிருந்து பழம் முற்ற ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். பழம் தானே பிளந்தால்தான் முற்றியது என்று அர்த்தம். பண்டாவில், நீண்ட மூங்கில் கழியின் நுனியில் சிறு கூடை கட்டிப் பழத்தைப் பக்குவமாகப் பறிப்பார்கள். கீழே விழுந்து கிடந்தால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சிவப்பு உறையைக் கிழியாமல் கையால் உரித்து, தட்டையாக்கிக் காய வைப்பார்கள். கொட்டையை ஓட்டோடு பல வாரம் உலர்த்த வேண்டும். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பருப்பு "கடகட" என்று உருண்டால் சரி. பிறகு ஓட்டை உடைப்பார்கள்.

இந்தக் கட்டம் சாதாரணமானதல்ல. மழைக்காலத்தில் சரியாகக் காயாவிட்டால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. ஐரோப்பிய நாடுகள் இறக்குமதியாகும் ஜாதிக்காயில் இதைக் கண்டிப்பாகச் சோதிக்கின்றன. அளவு தாண்டினால் சரக்கு திரும்பிவிடும். ஒரு விவசாயியின் பல மாத உழைப்பு, சில நாள் மழையில் போய்விடலாம்.

எதற்கெல்லாம் பயன்படுகிறது?

சமையலில்: பிரியாணி, குருமா, கரம் மசாலா. இந்தோனேசிய மாட்டுவால் சூப்பிலும் அது உண்டு. பண்டிகை நாளில் அடுக்கடுக்காக வெட்டிப் பரிமாறும் லாப்பிஸ் கேக்கின் மணத்துக்கும் அது ஒரு காரணம். டச்சுக்காரர்களின் மசாலாவும் இந்தோனேசியர்களின் பொறுமையும் சேர்ந்து பிறந்த பலகாரம் அது.

எண்ணெயில்: வாசனைத் திரவியம், சோப்பு, பற்பசை, வலி தைலம் எனப் பலவற்றில் சேர்க்கிறார்கள். கொட்டையைப் பிழிந்தால் கெட்டியான கொழுப்பும் கிடைக்கும். அதை ஜாதிக்காய் வெண்ணெய் என்பார்கள்.

மருத்துவத்தில்: சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் செரிமானத்துக்கும் தூக்கத்துக்கும் சேர்ப்பது வழக்கம்.

வாங்கும்போது ஒரு குறிப்பு: காட்டு ஜாதிக்காய் இனங்களின் கொட்டையும் பத்திரியும் கலப்படமாக வருவதுண்டு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். மணம் மட்டும் இருக்காது. முடிந்தால் பொடியாக வாங்காமல் முழுக் கொட்டையாக வாங்கி, வேண்டும்போது துருவிக்கொள்ளுங்கள். பொடியின் மணம் சீக்கிரம் போய்விடும்.

கவனம்: அளவு மீறினால் நஞ்சு

"இயற்கைப் பொருள்தானே, என்ன ஆகப்போகுது?" என்று நினைக்க வேண்டாம்.

சமையலில் போடும் ஒரு சிட்டிகையால் ஆபத்து இல்லை. ஆனால் ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற வேதிப்பொருள் உள்ளது. சில கிராம் உள்ளே போனாலே குமட்டல், படபடப்பு, வாய் வறட்சி, மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது என்று பாதிப்புகள் வரலாம். அவை சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். சமூக ஊடகத்தில் யாராவது "சவால்" என்று சொன்னால் விலகிவிடுங்கள். அது மருத்துவமனையில் முடியும் விளையாட்டு.

கைக்குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குளிப்பாட்டிய பிறகு ஜாதிக்காய், வசம்பு, மாசிக்காய் எல்லாம் கல்லில் உரைத்து நாக்கில் தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாட்டி சொன்னா தட்ட முடியாதுதான். ஆனால் முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிறு உடம்புக்குச் சிறு அளவே அதிகமாகலாம். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நாய் வளர்ப்பவர்களும் கொட்டையை எட்டாத இடத்தில் வையுங்கள். நாய்களுக்கும் அது ஆகாது.

ஒரு புயல் சொன்ன பாடம்

கரீபியன் கடலில் உள்ள கிரனடா நாட்டின் தேசியக் கொடியைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரு ஜாதிக்காய் இருக்கிறது! 19ஆம் நூற்றாண்டில் அங்கு போன மரம், அந்த நாட்டின் பிழைப்பாகவே ஆகிவிட்டது.

2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி கிரனடாவைத் தாக்கியது. ஆழமில்லாத வேர்கள் தாங்கவில்லை. நாட்டின் பெரும்பாலான ஜாதிக்காய் மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலையில் மறுபடி நட்டிருந்தாலும், பழைய விளைச்சலைப் பார்க்க 15 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பல விவசாயிகளால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை.

சிங்கப்பூரில் நோய், கிரனடாவில் புயல். இடம் வேறு, பாடம் ஒன்றுதான். மெதுவாக வளரும் ஒரே மரத்தை மட்டும் நம்பினால், விழும்போது எல்லாமே சேர்ந்து விழும். மற்ற மரங்களோடு கலந்து வளர்த்த பினாங்கு விவசாயிகளிடம் அது இன்றும் தங்கியிருப்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இங்கே எங்கே பார்க்கலாம்?

ஃபோர்ட் கேனிங் பூங்காவில், பழைய சோதனைத் தோட்டத்தின் நினைவாக ஒரு நறுமணப் பயிர்த் தோட்டம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஜாதிக்காய் மரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கீழே உதிர்ந்த இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்.

பினாங்கு போகும் திட்டம் இருந்தால், தெலுக் பஹாங்கில் உள்ள வெப்பமண்டல நறுமணப் பயிர்த் தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வரலாம்.

ஆர்ச்சர்ட் ரோட்டிலேயே பார்க்க ஆசையா? ஐயன் ஆர்ச்சர்ட் கடைத்தொகுதிக்கு வெளியே ஒரு பெரிய வெண்கலச் சிற்பம் இருக்கும். பிளந்த பழம், உள்ளே கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்புப் பத்திரி. கிள்ளானில் பிறந்த சிங்கப்பூர்க் கலைஞர் குமாரி நாகப்பன் வடித்தது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதன் பக்கத்தில் நின்று நண்பர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். பலருக்கு அது என்ன என்றே தெரியாது.

உங்களுக்கு இப்போது தெரியும். அடுத்த முறை அங்கே யாருக்காகவாவது காத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள்: "இது வெறும் அலங்காரம் இல்லீங்க. நாம நிக்கிற இந்த இடத்துல ஒரு காலத்துல இந்த மரம்தான் நின்னுச்சு."